மருத்துவம் கற்ற படைத்தலைவர்

சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியிலே மாமாத்திரர் குலத்திற் தோன்றிய பரஞ்சோதியார், ஆயுள்வேதமும் வடநூற்கலையும் படைக்கலப் பயிற்சியும் ஒருங்கே நிரம்பியவர் என்று அருளினர் சேக்கிழார் சுவாமிகள். உயிர் காக்கும் நூல் கற்ற அப்பெருந்தகை, அரசியற் பணி ஏற்று, வாதாபியைத் துகளாக்கி மீண்டனர். சேக்கிழார் மன்னன் பெயரைக் கூறிற்றிலர், கி.பி. 642-இல் அந்நகரை வென்றவன் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் என்பதற்கு வாதாபிப் பாறையிலுள்ள அவனது கல்வெட்டே சான்று.

இவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த வேந்தன், அடியாரைப் போர்முனைக்கு ஏவினோமே என்று அஞ்சிப் பொறை வேண்டினான். நிதி பல நல்கி விடைகொடுத்தான். வெற்றியிலே தன் பிழை கண்ட அரசனும், பதவியை விட்டுத் தொண்டை நாடிய தலைவரும் உலகில் அரியர்.

ஊர் மீண்டவர் அடியார்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகினமையாற் சிறுத்தொண்டர் எனப்பெற்றார். அவ்வூர்ப் பதிகத்திலே திருஞானசம்பந்தர் இவர் பெயரை வைத்துப் பாடியமையால், 7-ஆம் நூற்றாண்டில் இவர் வாழ்ந்தமை தெளிவு. வாளாற் பெற்ற புகழினும் அன்னமிட்டுப் பெற்ற இப்பெயரே இன்றும் நிலைத்து நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.