யூஜின் டெப்சு
யூஜின் விக்டர் டெப்சு (நவம்பர் 5, 1855 – அக்டோபர் 20, 1926) ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்சங்கத் தலைவர், சோசலிச அரசியல்வாதி. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்தாம் முறை அவர் ஒரு சிறைக் கைதி.

இந்தியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகரில் பிறந்த டெப்சு, 14 வயதில் பள்ளியை விட்டு ரயில்வே வேலைக்குச் சென்றார். 1884 இல் சனநாயகக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1894 இல் புல்மன் ரயில்பெட்டி நிறுவனம் கூலியைக் குறைத்தது. ஆனால் தொழிலாளர் குடியிருந்த நிறுவன வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. டெப்சு தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கத்தினர் புல்மன் பெட்டிகள் இணைத்த ரயில்களை இயக்க மறுத்தனர். வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படையை அனுப்பிய குரோவர் கிளீவ்லாந்து, டெப்சின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர். நீதிமன்றத் தடையாணையை மீறியதற்காக டெப்சு ஆறு மாதம் சிறையில் இருந்தார். 1896 இல் சனநாயகக் கட்சியின் பிரையனை ஆதரித்ததோடு பெருங்கட்சி அரசியலை விட்டார்.

1900 இல் சுமார் 88,000 வாக்குகள். 1904 இல் நான்கு இலட்சம். 1908 இல் 'சிவப்பு ரயில்' என்ற தனி ரயிலில் நாடெங்கும் சுற்றியும் வாக்குகள் பெரிதாகக் கூடவில்லை. 1912 இல் ஒன்பது இலட்சம், அதாவது 6 விழுக்காடு கிடைத்தது. எந்தத் தேர்தலிலும் ஒரு தேர்வாளர் வாக்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

1918 சூன் 16 அன்று ஒகையோவின் கேன்டன் நகரில் முதல் உலகப்போரை எதிர்த்துப் பேசினார். உளவுச் சட்டத்தின் கீழ் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பேச்சுரிமை வாதத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம் 1919 மார்ச்சில் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது. கைதி போட்டியிட அரசியலமைப்பில் தடை இல்லாததால் 1920 இல் கட்சி அவரையே நிறுத்தியது. அட்லாண்டா சிறையின் 9653 என்ற கைதி எண் பரப்புரைச் சின்னமாயிற்று. பெற்றவை 9,13,000க்கும் மேற்பட்ட வாக்குகள். இதை அவருடைய உச்சம் என்பது பாதி உண்மையே: அவ்வாண்டுதான் நாடெங்கும் பெண்கள் வாக்குரிமை பெற்றனர்; அதனால் மொத்த வாக்குகள் பெருகி, அவருடைய பங்கு சுமார் 3.4 விழுக்காடாகச் சரிந்தது. ஆனாலும், பரப்புரைக்கு வெளியே வரவே முடியாத ஒருவருக்கு அது சிறிய எண்ணிக்கை அன்று.

சட்டத்துறைத் தலைவர் பால்மரே பரிந்துரைத்தும் குடியரசுத் தலைவர் வில்சன் தண்டனையைக் குறைக்க மறுத்தார். 1920 தேர்தலில் வென்ற குடியரசுக் கட்சியின் ஆர்டிங், பொதுமன்னிப்பு வழங்காமல் தண்டனையை மட்டும் குறைத்து, 1921 கிறித்துமசு நாளில் அவரை விடுவித்தார். மறுநாள் வெள்ளை மாளிகையில் சந்திக்கவும் செய்தார்.