மூன்று பெயின்ட்டுக்கு அடியில் நம்ம மலையகம்

நண்பர்களே, பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன லீவில் ஹட்டன் பக்கம் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். நடத்துவது என் பழைய மாணவன். வரலாற்றுப் பாடத்தில் கடைசி வாங்கில் தூங்கியவன். இன்று பழைய லேண்ட்ரோவர் செய்ய வேண்டும் என்றால் கொழும்பிலிருந்தும் அவனைத் தேடி வருகிறார்கள்.

"சேர், இங்க வந்து பாருங்க, ஒங்க பாடம் இருக்கு" என்று ஒரு வண்டியின் பின்கதவைக் காட்டினான். அறுபதுகளில் தோட்டத்துக்கு வந்த 88 அங்குல லேண்ட்ரோவர். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் தேய்த்து வைத்திருந்தான். மேலே வெள்ளை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை, கடைசியில் வெறும் அலுமினியம்.

அலுமினியத்திலிருந்து தொடங்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம் பிரித்தானியாவில் இரும்புத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது. ரோவர் கம்பெனியின் மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓடிக்கொண்டிருந்தார். இதைப் போல ஒன்றை நாமே செய்தால் என்ன என்று 1947ல் வேலையைத் தொடங்கினார். இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் உலகத்துக்கு வந்தது.

1948 என்றதும் நமக்கு வேறு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வர வேண்டும். பெப்ரவரி 4 சுதந்திரம். நவம்பர் 15, இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். இந்த மலைகளில் தேயிலை நட்டு, ரோடு வெட்டிய லட்சக்கணக்கான மக்கள் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது.

இனி பச்சைக்கு வருவோம். அது வெள்ளைக்காரக் கம்பெனிக் காலம். கோச்சி 1884லேயே ஹட்டனுக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கும், பெக்டரியிலிருந்து மேல் டிவிஷனுக்கும் போகும் ரோடு மழை பெய்தால் சேறு. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற, குறைந்த கியரில் ஆமை வேகத்தில் ஏறுகிற வண்டி துரைமாருக்குத் தேவைப்பட்டது. அதில் பெரிய துரை போனார், சின்னத்துரை போனார். தொழிலாளி நடந்து போனார். பிரசவ வலி என்றாலும் கிடைத்தது கொழுந்து லொறிதான்.

என் மாணவனின் தாத்தாவுக்குக் காலையில் இப்படிப்பட்ட ஒரு ஜீப்பைக் கழுவித் துடைக்கிற வேலை. அதில் ஒரு நாளும் ஏறிப் போனதில்லையாம். வண்டிக்கு 'ஸ்ரீ' நம்பர் இருந்தது, பதிவுப் புத்தகம் இருந்தது. (அந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்து 1958ல் எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பது தனிக் கதை.) கழுவியவருக்கு எந்த நாட்டுப் பத்திரமும் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னார் போய் கப்பல் ஏறியது. தாத்தா இங்கேயே இருந்துவிட்டார்.

நீலம் அரசாங்கக் காலம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம், பிறகு 1975ல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை. துரை மாறினார், ஜீப் மாறவில்லை. வெளிநாட்டுச் சாமான் வருவது கஷ்டமான காலம் அது. பாட்ஸ் கிடைக்காமல் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டும், ஒரு வண்டியின் சாமானை இன்னொரு வண்டிக்குப் பூட்டியும் ஓட வைத்தோம் என்று வயதான பாஸ்மார் இன்றும் சொல்வார்கள். அந்தக் கைவேலைதான் என் மாணவனுக்கும் வந்திருக்கிறது.

வெள்ளை, 1992க்குப் பிறகு. தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போனது. ஜப்பான் வண்டிகள் வந்தன. லேண்ட்ரோவர் செட்டுக்குள் ஒதுங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய இரும்புக்கெல்லாம் மவுசு. 2016 ஜனவரியில் இங்கிலாந்தில் டிஃபென்டர் என்ற அந்தப் பழைய வம்சத்தின் உற்பத்தியும் நின்றிருந்தது.

இந்த வண்டியில் என்ன வேலை என்று கேட்டேன். "ஒடம்புக்கு ஒன்னும் இல்ல சேர், அலுமினியம். செசிதான் இரும்பு. நம்ம பனியும் மழையும் உள்ளுக்குப் போய் அங்கேருந்து அரிக்கும். வெளியில பார்த்தா தெரியாது. சுத்தியல் வச்சு தட்டிப் பார்க்கணும்." அரித்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டியிருந்தான். உரிமையாளர் கேட்டபடி ஜப்பான் டீசல் இஞ்சின், பவர் ஸ்டியரிங், நல்ல சீட். இஞ்சின் மாற்றினால் புது நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அந்தக் கடதாசி வேலையும் நடக்கிறது.

உரிமையாளரின் கடைசி ஆசை, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு "துரை காலத்துப் பச்சை" அடிக்க வேண்டும் என்பது. இவன் ஒரு வாரம் யோசித்துவிட்டு அவருக்கு போன் எடுத்து, தாத்தா கதையைச் சொல்லி, "சேர், பின்கதவு உள்பக்கம் மட்டும் இந்த இடத்தை அப்படியே விடவா?" என்று கேட்டிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "விடுங்க தம்பி. ஏன்னு என் பிள்ளைகள் கேட்டா நான் சொல்றேன்" என்றாராம். அந்த இடத்துக்கு மேல் நிறமில்லாத வார்னிஷ் அடிக்கப் போகிறான்.

டார்ஜிலிங் மலையில், மானேபஞ்சாங்கில், தேயிலைத் துரைமார் விட்டுப்போன லேண்ட்ரோவர்களை வைத்து அந்த ஊர் டிரைவர்மார் சந்தக்ஃபூவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கிறார்கள். இங்கே அவை பெரும்பாலும் கொழும்புக்குப் போய்விடுகின்றன. போவதில் எனக்குக் கோபமில்லை. கதை இல்லாமல் போவதுதான் கவலை.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003ல். 1948லிருந்து 55 வருஷம். ஒரு இஞ்சின் மாறினால் அரசாங்கம் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறது. ரோடு வெட்டியவரின் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் தோட்டத்து ரோட்டை யார் வெட்டினார்கள், துரை ஜீப்பை யார் கழுவினார்கள், யார் கப்பல் ஏறினார்கள் என்று. கேட்டதைக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணைப் பாடத்துக்கு எனக்கும் வேண்டும்.