ரயிலில் பாடிய சிறுமி

மார்கழி திருவாதிரை வந்தால் எங்கள் உத்தரகோசமங்கைக்குக் கூட்டம் வந்துவிடும். சந்தனக்காப்பு களைந்த மரகத நடராசரைப் பார்க்கும் நாள் அல்லவா! ஒலிபெருக்கியில் கே.பி. சுந்தராம்பாள் குரல் கேட்கும். இம்முறை அதைக் கேட்டு என் பேத்தி, "தாத்தா, நானும் டிவி பாட்டுப் போட்டிக்குப் போகட்டுமா?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் சுந்தராம்பாள். வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அந்தக் குரலைக் கேட்ட ஒருவர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை வேஷம். பசி அவருக்குப் புதிதா என்ன?

பிறகு கொழும்பு மேடை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், கொழும்புக்குப் போகிறவர்கள் போட் மெயிலில் நம் இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறுவார்கள். அந்தக் கொழும்பில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். இருவர் பெயரும் எங்கும் பரவியது. கல்யாணமும் ஆயிற்று. ஆனால் 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்குச் சம்பளம் ஒரு லட்ச ரூபாய்!

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1963-ல் எடித் பியாஃப் இறந்தபோது எங்கள் வாத்தியார் வகுப்பில் அவர் கதையைச் சொன்னார். பாரிஸ் தெருவில் பாடிக்கொண்டிருந்த பெண்ணை, அதே 1935-ல், லூயி லெப்லே என்பவர் தம் விடுதி மேடையில் ஏற்றினார். 'பியாஃப்' என்றால் சிட்டுக்குருவி. மறு வருஷமே லெப்லே கொலையுண்டார்; போலீஸ் அந்தப் பெண்ணையும் விசாரித்தது.

இருவருக்கும் புகழ் திடீரென்று வந்தது, துக்கமும் அப்படியே. சுந்தராம்பாள் தாங்கி நின்றார். 1953-ல் 'ஔவையார்', 1958-ல் சட்டமன்ற மேலவை உறுப்பினர், 1980-ல் மறையும்வரை மதிப்பு குறையவில்லை.

பேத்தியிடம், "போ தாயி. ஆனால் பள்ளிக்கூடத்தை விடாதே. தோற்றாலும் வீட்டுக்கு வந்து பாடு, நான் கேட்கிறேன்" என்றேன். அவள் அப்பனிடமும் அதையே சொல்லிவிட்டேன். ரயிலில் பாடிய அந்தச் சிறுமிக்கு இப்படிச் சொல்ல அன்று யார் இருந்தார்கள்?