விந்தக அழற்சி: தாமதிக்கக் கூடாத வலி

விந்தக அழற்சி என்பது, பெரும்பாலும் கிருமித் தொற்றினால், ஒரு விந்தகமோ இரண்டுமோ வீங்கி வலிக்கும் நிலையாகும். பேச்சு வழக்கில் இது விதை வீக்கம் எனப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் பணிபுரியும் இளைஞர்கள் பலர் குடும்பத்தைப் பிரிந்து விடுதிகளில் வாழ்கின்றனர். கூச்சத்தாலும், ஒரு நாள் ஊதியம் போய்விடுமே என்ற தயக்கத்தாலும் இவ்வலியை மறைப்பது ஆபத்தானது.

காரணங்கள்

• பொன்னுக்கு வீங்கி: பருவமடைந்த பின் இந்நோய் வரும் ஆண்களில், தடுப்பூசி பெறாதவர்களுள் 100 பேருக்கு ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு விந்தகம் வீங்கக்கூடும். கன்னம் வீங்கிய சுமார் 4 முதல் 8 நாட்களில் இது தோன்றும்.
• பால்வினைத் தொற்று: 35 வயதிற்கு உட்பட்டவர்களிடம் கிளமிடியா, வெட்டை நோய்க் கிருமிகள் முக்கியக் காரணங்கள்.
• சிறுநீர்ப் பாதைத் தொற்று: நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் அதிகம்.
• காசநோய்: வாரக்கணக்கில் நீடிக்கும் வீக்கத்தில் இதையும் பரிசோதிக்க வேண்டும்.

அறிகுறிகள்

வீக்கம், வலி, விதைப்பை சிவத்தல், காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், ஆண்குறியிலிருந்து சீழ் வடிதல்.

எப்போது உடனே செல்ல வேண்டும்?

திடீரெனக் கடும் வலி, வாந்தி, ஒரு விந்தகம் மேலேறி நிற்பது ஆகியவை விந்தக முறுக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இதில் இரத்த ஓட்டம் தடைபடும். சுமார் 6 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் விந்தகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். 8 மணி நேரப் பணிமுறை முடியும்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். அழற்சியா, முறுக்கமா என்பதை நீங்களே கண்டறிய இயலாது. எனவே 'உடல் சூடு' எனக் கருதி எண்ணெய் தேய்ப்பதையும், வலி மாத்திரையுடன் வேலையைத் தொடர்வதையும் தவிர்த்து, 108 அவசர ஊர்தியை அழையுங்கள். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இப்பகுதிக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைகள்.

சிகிச்சை

பாக்டீரியாத் தொற்றுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவை. வலி குறைந்தாலும் மருத்துவர் கூறிய நாட்கள் முழுவதும் உட்கொள்ளுங்கள். பால்வினைத் தொற்றெனில் இணையருக்கும் சிகிச்சை அவசியம். இருவரும் குணமாகும்வரை உடலுறவைத் தவிர்க்கவும். எச்.ஐ.வி. பரிசோதனையை நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். பொன்னுக்கு வீங்கி வைரஸ் நோய் என்பதால் அதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பயன்படாது. ஓய்வு, விதைப்பையைத் தாங்கும் உள்ளாடை, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், வலி நிவாரணி ஆகியவை போதும்.

குழந்தைப்பேறு பாதிக்கப்படுமா?

பெரும்பாலோருக்கு ஒரு விந்தகமே பாதிக்கப்படுகிறது. பொன்னுக்கு வீங்கியால் வீங்கிய விந்தகங்களுள் 30 முதல் 50 விழுக்காடு வரை பின்னர் ஓரளவு சுருங்கலாம். ஆயினும் முழுமையான மலட்டுத்தன்மை அரிது. இரு விந்தகங்களும் பாதிக்கப்பட்டாலோ, சிகிச்சை பெறாத தொற்று விந்துக் குழாயை அடைத்தாலோ ஆபத்து கூடுகிறது. புதிய விந்தணுக்கள் உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். எனவே குணமடைந்து 3 மாதங்களுக்குப் பின் விந்துப் பரிசோதனை செய்வது பொருத்தம். ஒரு விந்தகம் நலமாக இருந்தால் ஆண்மைக்குக் குறைவில்லை. திருமணத்திற்குப்பின் குழந்தைப்பேறு தாமதமானால் மனைவியை மட்டும் சோதிப்பது முறையன்று. இந்நோய் வந்ததை மருத்துவரிடம் தெரிவித்து இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தடுப்பு

தேசிய தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி உள்ளது. பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி இல்லை. ஆகவே சிறுவயதில் அரசுத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவருக்கும் இந்நோய் வரலாம். எம்.எம்.ஆர். தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். அறைத்தோழருக்குக் கன்னம் வீங்கினால், 5 நாட்கள் அவர் தனித்திருக்க வேண்டும். குவளை, தட்டுகளைப் பகிரக் கூடாது. உடலுறவில் ஆணுறை அணிவது பால்வினைத் தொற்றைத் தடுக்கும்.

விடுப்பும் ஊதியமும்

ஒப்பந்தத் தொழிலாளராயினும், இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவராக இருந்து சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்திருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். கூடுதல் ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.