திருப்புளி முனையில் ஒரு காந்தம்

டெல்லிக்கு வந்து பதினோரு வருடத்தில் ஏழு வீடு மாறியாச்சு. ஒவ்வொரு வீட்டிலும் திரைச்சீலைக் கம்பி மாட்டுவது என் வேலை. ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையில் டிரில் மெஷின், மறு கையில் ஸ்க்ரூ... அது நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டோடும். தங்கமணி தேடி எடுத்துக் கொடுப்பார். கூடவே நாலு வார்த்தை இலவசம்.

சாவ்ரி பஜாரில் ஒரு கடைக்காரர்தான் விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் டிரில்லில் மாட்ட அறுகோணத் தண்டு. மறுபக்கம் அறுகோணக் குழி, அதன் அடியில் பொட்டளவு காந்தம். பிட்டைச் செருகினால் ‘டக்’கென்று இழுத்துக்கொள்கிறது. பிட்டின் நுனியில் வைத்த ஸ்க்ரூவும் விழவில்லை! காந்தத்தைத் தொட்டிருக்கும்வரை எஃகு பிட்டும் காந்தமாகிவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். விலை 80 ரூபாய். ஏழு வீடு கழித்தா இது கண்ணில் பட வேண்டும்?

வீட்டுக்கு வந்து சரித்திரத்தைத் தோண்டினேன் (வேறென்ன வேலை!). ஸ்க்ரூ நுனியிலேயே நிற்க வேண்டும் என்ற ஆசைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

கனடாக்காரர் ராபர்ட்சன். ஒருமுறை கடைத்தெருவில் திருப்புளி விற்றுக்கொண்டிருந்தபோது அது வழுக்கிக் கையைக் கிழித்துவிட்டது என்று சொல்வார்கள். அந்தக் காலத்து ஸ்க்ரூ தலையில் ஒரே ஒரு கோடுதானே, வழுக்காமல் என்ன செய்யும்? 1908-ல் அவர் தலையில் சதுரக் குழி வைத்த ஸ்க்ரூவைக் கொண்டுவந்தார். குழி உள்ளே போகப் போகக் குறுகும். திருப்புளி அதில் கச்சிதமாக இறுகி, ஸ்க்ரூ நுனியிலேயே நிற்கும். காந்தமே வேண்டாம். ஃபோர்டின் கார் தொழிற்சாலைக்கும் அது போனது. ஆனால் ஃபோர்டு கேட்ட உரிமையை ராபர்ட்சன் தர மறுத்துவிட்டார். அதனால் கனடாவுக்கு வெளியே அது பெரிதாகப் பரவவில்லை.

உலகத்தைப் பிடித்தது அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ். ஜான் தாம்ப்சன் என்பவரின் யோசனையை வாங்கி மெருகேற்றி, 1936-ல் காப்புரிமை பெற்றார். நாம் ‘ஸ்டார்’ என்று சொல்கிறோமே, அதுதான். முனை தானாகவே நடுவில் போய் உட்காரும், கார் தொழிற்சாலைக்கு அது போதும். ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கில் போட்டதும் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். குறை ஒன்றுதான்: பக்கங்கள் சரிவாக இருப்பதால் ஸ்க்ரூ நுனியில் நிற்காது, அழுத்தித் திருகினால் பிட் மேலே எகிறும்.

நல்ல ஸ்க்ரூ தோற்று, வழுக்கும் ஸ்க்ரூ ஜெயித்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் காந்தம். பிட்டின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. அறுகோணம் என்று பொதுவாகிவிட்டதால் எந்தக் கம்பெனி பிட்டும் எந்தப் பிடியிலும் உட்காரும். 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்ததும் பொட்டளவு இருந்தாலே நல்ல பிடி கிடைத்தது.

இதையெல்லாம் படிக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. சாத்தூரில் வயரிங் வேலை பார்த்தவர். பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் திருப்புளியை ஒரே திசையில் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். எனக்கு அது மந்திரமாகத் தெரியும். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை சுத்தமாகப் பிடிப்பில்லை. அதற்குப் பிறகு கருவிப்பெட்டியைத் திறக்கவே இல்லை.

பொங்கலுக்குப் போனபோது கைப்பிடியோடு கூடிய காந்தப் பிடி ஒன்றை வாங்கிப்போய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் புரட்டிப் பார்த்தார். சாயங்காலம் பார்த்தால், பல மாதமாக ஆடிக்கொண்டிருந்த அடுப்படி அலமாரிக் கதவு நேராக நிற்கிறது. ஒற்றைக் கையால் கீலில் நாலு ஸ்க்ரூ!

அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை ஸ்க்ரூவை எடுத்து நுனியில் வைத்தார். பொத்தென்று விழுந்தது.

“எண்பது ரூவா குடுத்தியேடா, இது ஒட்டாதே” என்று சிரித்தார். “பித்தளைக்கு மெழுகுதான். போய் மெழுகுவத்தி எடுத்துட்டு வா.”

எடுத்துக்கொண்டு ஓடினேன், பத்து வயதில் ஓடிய மாதிரியே.