தொங்கு படுக்கை

தொங்கு படுக்கை என்பது துணி, வலை அல்லது கயிற்றால் ஆன, இரு முனைகளிலும் மரம் அல்லது தூண் போன்ற தாங்கிகளில் கட்டித் தொங்கவிடப்படும் படுக்கை ஆகும். வலை ஊஞ்சல் என்றும், ஆங்கிலப் பெயரைத் தழுவி ஹேமக் என்றும் வழங்கப்படுகின்றது. திறந்த வெளியில் இரவு தங்குவோர் இதன் மேலே மழைக்கும் பனிக்கும் ஒரு தார்ப்பாயைக் கூரைபோலக் கட்டுவர். தரையில் படாமல் உறங்க இயல்வதே இதன் முதன்மைப் பயன். பாம்பு, தேள், ஈரம், முள் ஆகியவற்றிலிருந்து இது உறங்குபவரைக் காக்கின்றது. தவறான மரத்தில், தவறான கோணத்தில் அல்லது வலுவற்ற கயிற்றில் கட்டினால் இதுவே விபத்துக்கும் காரணமாகும்.

இக்கட்டுரை நீண்ட நாள் உழைக்கும் தொங்கு படுக்கையையும் தார்ப்பாயையும் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகின்றது. விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் நிலம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

தொங்கு படுக்கை அமெரிக்கக் கண்டத்துத் தொல்குடிகளின் கண்டுபிடிப்பு. 1492இல் கரீபியத் தீவுகளை அடைந்த கொலம்பசின் குழுவினர் அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் மரங்களுக்கிடையே கட்டிய வலைகளில் உறங்குவதைக் கண்டனர். அம்மக்களின் 'அமாக்கா' என்ற சொல்லே எசுப்பானியம் வழியாக ஆங்கிலத்தில் ஹேமக் ஆயிற்று. கப்பலின் ஆட்டத்தில் உருண்டு விழாமல் உறங்க முடிந்ததாலும், பகலில் சுருட்டி வைக்க முடிந்ததாலும் ஐரோப்பியக் கடற்படைகள் இதனை ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்துக் கடற்படை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர்க்குக் கொசுவலையும் மழைக்கூரையும் சேர்த்துத் தைத்த காட்டுத் தொங்கு படுக்கை வழங்கப்பட்டது. இன்றைய முகாம் படுக்கைகள் அதன் வழிவந்தவை.

தமிழ்நாட்டில் பெரியவர்கள் உறங்கும் தொங்கு படுக்கை பழக்கத்தில் இல்லை. ஆனால் அதே தத்துவத்தில் அமைந்த தூளி எல்லா ஊர்களிலும் உண்டு. இது தொட்டில் என்றும், சில பகுதிகளில் ஏணை என்றும் அழைக்கப்படுகின்றது. களையெடுக்கவோ பருத்தி எடுக்கவோ செல்லும் பெண்கள் காட்டு வேம்பின் கிளையில் பழைய நூல் சேலையைக் கட்டிக் குழந்தையைக் கிடத்துவர்.

விசையும் கோணமும்

தொங்கு படுக்கையின் பாதுகாப்பு பெரும்பாலும் அது கட்டப்படும் கோணத்தைப் பொறுத்தது. பார்வைக்கு நேராகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்று பலர் கயிற்றை இறுக்கிக் கட்டுவர். இது தவறு. கயிறு கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அதில் தோன்றும் இழுவிசை பன்மடங்கு உயர்கின்றது. கிடைமட்டத்துடன் கயிறு அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, அதனால் உடல் எடையை வகுத்தால் ஒரு பக்கக் கயிற்றின் இழுவிசை கிடைக்கும்.

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அசையாமல் படுத்திருக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் தோன்றும் இழுவிசை (கிலோகிராம் எடைக்கு இணையாக):

45 பாகை – 49
30 பாகை – 70
20 பாகை – 102
10 பாகை – 202
5 பாகை – 402

எனவே 30 பாகை அளவே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. அந்நிலையில் ஒவ்வொரு கயிறும் படுப்பவரின் முழு எடைக்குச் சமமான விசையைத் தாங்குகின்றது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் துப்பாக்கி போல விரித்து, சுட்டுவிரலைக் கிடைமட்டமாக நீட்டினால், இரு விரல் நுனிகளும் படுக்கையின் கயிற்றைத் தொடுவது ஏறத்தாழ 30 பாகையைக் காட்டும் என்பது பயணிகளிடையே வழங்கும் எளிய கணக்கு. கை அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் இது தோராயமானதே.

திடீரெனத் தொப்பென்று அமரும்போது விசை இருமடங்கு வரை உயரலாம். முடிச்சு இட்ட கயிறு தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழக்கக்கூடும். ஆகவே கயிறு, பட்டை, கொக்கி ஆகிய ஒவ்வொன்றின் அறுபடும் வலிமையும் உடல் எடையைப் போல் குறைந்தது ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். மேலே உள்ள கணக்கின்படி 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 350 கிலோகிராம். இறுக்கமாக 5 பாகையில் கட்டினால் இந்த அளவும் போதாது.

படுக்கையின் துணி

பருத்திக் கித்தான்: காற்றோட்டமும் மென்மையும் உடையது. பருத்தி நூல் நனையும்போது வலிமை இழப்பதில்லை. ஆனால் எடை மிகுதி, உலர நெடுநேரம் ஆகும், ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். வீட்டுத் திண்ணைக்கும் தோட்டத்துக்கும் ஏற்றது.

நைலான்: எடை குறைவு, வலிமை மிகுதி, விரைவில் உலரும். நனைந்தால் சற்று நீளும். கடும் வெயிலில் நாள்தோறும் விட்டு வைத்தால் புறஊதாக் கதிர்களால் வலிமை இழக்கும். கட்டம் கட்டமாகத் தடித்த இழை சேர்த்து நெய்த கிழிபடாத் துணி வகையில், ஒரு துளை விழுந்தாலும் கிழிசல் அடுத்த கட்டத்தைத் தாண்டி எளிதில் பரவாது. முள் நிறைந்த நிலத்துக்கு இவ்வகையே தகுந்தது.

பாலியெஸ்டர்: நைலானைவிட நீட்சி குறைவு, வெயிலை நன்கு தாங்கும். கட்டும் பட்டைகளுக்கு இதுவே சிறந்தது. நைலான் பட்டையில் கட்டிய படுக்கை இரவில் நீண்டு, விடியும்போது தரையைத் தொடுவதுண்டு.

கயிற்று வலை: காற்று தடையின்றிப் புகும். முடிச்சுகள் உடலை உறுத்தும், பொத்தானும் முள்ளும் சிக்கும், சிறு குழந்தையின் தலை நுழையும் அளவு இடைவெளி உண்டு. இரவு உறக்கத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

நீளம் மிக இன்றியமையாதது. சராசரி உயரம் உள்ளவருக்கு 3 முதல் 3.3 மீட்டர் நீளமும் 1.4 மீட்டருக்குக் குறையாத அகலமும் தேவை. குட்டையான படுக்கையில் உடல் வாழைப்பழம் போல வளையும். நீளமான படுக்கையில் சற்றே மூலைவிட்டமாகப் படுத்தால் முதுகு ஏறத்தாழ நேராக அமையும்.

கொசு மெல்லிய துணியின் ஊடாகவும் கடிக்கும் என்பதால் இரட்டை அடுக்குத் துணியும், சுற்றிலும் மூடும் கொசுவலையும் உள்ள வகை மேலானது.

தார்ப்பாய்

ஊர்ப்பேச்சில் படுதா எனவும் வழங்கும் தார்ப்பாய், தொடக்கத்தில் தார் பூசிய கித்தானால் செய்யப்பட்டது. இப்போது பரவலாகக் கிடைப்பது உயர் அடர்த்திப் பாலித்தீன் நாடாக்களால் நெய்து, இரு புறமும் குறை அடர்த்திப் பாலித்தீன் படலம் பூசிய வகை. இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 7903 ஆகும். நெசவு இன்றிப் படலங்களைக் குறுக்காக அடுக்கி ஒட்டிய வகையும் உண்டு.

கரிசல் நாட்டில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் பொருள். மிளகாய் வற்றல் உலர்த்தவும், களத்தில் தானியம் மூடவும், வைக்கோற்போர் காக்கவும் பயன்படுகின்றது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

எடை: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே கடைகளில் 'ஜி.எஸ்.எம்.' எனக் குறிக்கப்படும் எண். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள தார்ப்பாய் 70 ஜி.எஸ்.எம். எனில் 840 கிராமும், 200 ஜி.எஸ்.எம். எனில் 2.4 கிலோகிராமும் இருக்கும். தோளில் சுமப்போர்க்கு முன்னதும், ஓரிடத்தில் நெடுநாள் கட்டி வைப்போர்க்குப் பின்னதும் பொருந்தும். சிலிக்கோன் பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர் பாய் இவ்விரண்டிலும் எடை குறைவு, விலை மிகுதி.

புறஊதாத் தடுப்பு: இது சேர்க்கப்படாத மலிவு வகை கோடை வெயிலில் சில மாதங்களிலேயே பொடிந்து உதிரும்.

ஓரமும் கண்ணும்: தார்ப்பாய் நடுவில் கிழிவதைவிடக் கண்ணோரத்தில் கிழிவதே மிகுதி. ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்து ஒட்டியிருக்க வேண்டும். துருப்பிடிக்காத அலுமினியக் கண்கள் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்று என்ற அளவிலாவது இருத்தல் வேண்டும்.

அளவு: படுக்கையின் இரு முனைகளையும் தாண்டிக் கூரை நீள வேண்டும். 3 மீட்டர் சதுரப் பாயை மூலைவிட்டமாகக் கட்டினால் முகட்டு நீளம் 4.2 மீட்டர் கிடைக்கும். சாரல் மழைக்கு 3 மீட்டருக்கு 4 மீட்டர் செவ்வகப் பாயே நம்பகமானது.

மழைநீர் கட்டுக்கயிற்றின் வழியே ஒழுகிப் படுக்கையை நனைப்பதுண்டு. தார்ப்பாய்க்கு உட்புறம் அக்கயிற்றில் ஒரு முழ நூலைத் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே சொட்டிவிடும்.

கரிசல் நிலத்தில் கட்டுதல்

இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. கரிசல் மண் நீர் உண்டு விரியும் களிமண் மிகுந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்போல் இறுகும். மழையில் குழைந்து சேறாகும். உலர்ந்த மண்ணில் உறுதியாக நின்ற முளை, நள்ளிரவு மழையில் கையோடு வந்துவிடும். ஆகவே கம்பி முளைக்குப் பதிலாக ஒன்றரை அடி நீள மரமுளையைச் சாய்த்து அடிக்கலாம். மண் நிரப்பிய சாக்கில் கயிற்றைக் கட்டிப் புதைப்பதும் நன்று. ஆடிக் காற்றின் காலத்தில் தார்ப்பாயின் காற்று வரும் பக்க ஓரத்தைத் தரைவரை தாழ்த்திக் கட்ட வேண்டும்.

வேம்பு, புளி, ஆல் ஆகியவற்றின் முற்றிய அடிமரங்கள் தொங்கு படுக்கைக்கு ஏற்றவை. புளிய மரத்தடியில் இரவில் படுக்கலாகாது என்பது ஊர் வழக்கு. திறந்த வெளியில் மரம் வெளிவிடும் காற்றால் தீங்கு இல்லை. எனினும் எந்த முதிய மரத்திலும் பட்ட கிளைக்குக் கீழே படுக்கக் கூடாது. பனை உறுதியானது. ஆனால் காய்ந்த மட்டையும் பழமும் விழும். முருங்கை எளிதில் முறியும். நிலமெங்கும் பரவியுள்ள சீமைக் கருவேலம் பல கிளைத்தண்டுகளாகச் சாய்ந்து வளர்வதால் தகுந்த அடிமரம் அரிது. அதன் முள் தார்ப்பாயையும் துணியையும் துளைக்கும். அடிமரம் குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிப்புடன் உயிருள்ளதாக இருத்தல் வேண்டும். மரப்பட்டை அறுபடாதிருக்க 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள பட்டையால் கட்ட வேண்டும்.

மரங்களுக்கிடையே 4 முதல் 5 மீட்டர் இடைவெளியும், கட்டும் இடம் ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரமும் பொருத்தமானவை. படுத்தபின் படுக்கை தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்கு மேல் உயராதிருப்பது நன்று.

கிணற்றடியில் நிற்கும் பழைய கமலைக் கல்தூண்கள், பம்புசெட் அறையின் செங்கல் தூண்கள், வேலிக் கல்கால்கள் ஆகியவற்றில் கட்டுதல் கூடாது. இவை மேலிருந்து வரும் சுமையைத் தாங்குவன. பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவன அல்ல. 70 கிலோகிராம் எடைக்கு, 30 பாகையிலேயே பக்கவாட்டு இழுப்பு 60 கிலோகிராமுக்கு மேற்படும். தூண் சாய்ந்தால் அது படுத்திருப்பவர் மீதே விழும்.

பாதுகாப்பு

பாம்புக்கடி: கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் உறங்குவோரையே இது மிகுதியாகக் கடிக்கின்றது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. உறக்கம் கலையாமலே நஞ்சு ஏறி, இமை சரிந்து, மூச்சு நிற்கும். தரைக்கு மேல் உறங்குவதும், கொசுவலையை ஓரம் செருகி மூடுவதும் இவ்விடரைப் பெரிதும் குறைக்கின்றன. இறங்கும்முன் கைவிளக்கால் தரையைப் பார்ப்பதும், செருப்பை உதறி அணிவதும் தேவை. கடி ஐயம் ஏற்பட்டாலே நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

இடி: சமவெளியான கரிசலில் தனித்து நிற்கும் மரத்தின் மீதே மின்னல் இறங்கும் வாய்ப்பு மிகுதி. தொங்கு படுக்கைக்கு மரம் வேண்டும். இடியின்போது மரம் கூடாது. இம்முரணுக்குத் தார்ப்பாய் தீர்வு ஆகாது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்டவுடன் படுக்கையை விட்டு உறுதியான கட்டிடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்ல வேண்டும். அவ்வாறு செல்ல இடம் இல்லாத காட்டில் இக்காலங்களில் தொங்கு படுக்கை கட்டாதிருப்பதே முறை.

குழந்தைகள்: சேலைத் தூளியிலும் ஊஞ்சலிலும் கழுத்து சுற்றி இறுகிச் சிறுவர் இறந்த நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. கைக்குழந்தையைத் தூளியில் தனியே விட்டுச் செல்லலாகாது. சற்று வளர்ந்த குழந்தைகள் அதில் முறுக்கி விளையாட விடக்கூடாது. விளையாட்டு முடிந்ததும் அவிழ்த்து வைத்தல் நன்று.

பிற படுக்கைகளுடன் ஒப்பீடு

கரிசல் ஆட்டுக்கிடையில் இரவு காவல் இருக்கும் ஆட்டுக்காரர் அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் தங்குகின்றனர். அங்கு இரு மரங்கள் உரிய இடைவெளியில் அமைவது அரிது. அவர்களுக்குக் கயிற்றுக் கட்டிலே ஏற்றது. அதுவும் தரையிலிருந்து உயர்த்துகின்றது, மரமும் தேவையில்லை. சுமந்து செல்வதே கடினம். முன்பு மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்ட இடத்தில், கட்டிலின் மேல் நான்கு கம்பு நட்டு விரித்த தார்ப்பாய் இப்போது பயன்படுகின்றது. தோப்பு, கண்மாய்க்கரை, மலையடிவாரம் போன்று மரம் நெருங்கிய இடங்களில் தங்கும் மாணவர்க்கும் நடைப்பயணிகளுக்கும் தொங்கு படுக்கை சிறந்தது.

பராமரிப்பு

ஒவ்வொரு முறை கட்டும் முன்னும் துணியின் மடிப்புமுனை, தையல், பட்டை, கொக்கி ஆகியவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் நிறம் மங்கி, தொட்டால் பொடி உதிரும் கயிறு வலிமை இழந்தது. அதனை உடல் எடை தாங்கப் பயன்படுத்தலாகாது. தார்ப்பாயின் சிறு துளையை இரு புறமும் ஒட்டுநாடா வைத்து அடைக்கலாம். படுக்கைத் துணியில் விழுந்த கிழிசலைத் தைத்துப் பயன்படுத்துதல் கூடாது. நனைந்த பாயை உலர்த்தி, எலி அணுகாத இடத்தில் நிழலில் சுருட்டி வைத்தால் பல பருவங்கள் உழைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

தொட்டில்
கயிற்றுக் கட்டில்
தார்ப்பாய்
கட்டுவிரியன்
கரிசல் மண்
சீமைக் கருவேலம்