டெனர் டிரம் (அணிநடை பேண்டு)

டெனர் டிரம், அணிநடை பேண்டில் சைடு டிரமுக்கும் பேஸ் டிரமுக்கும் இடைப்பட்ட சுருதியில் ஒலிக்கும் மேளம். சைடு டிரமின் அடித்தோலில் சடசடக்கும் கம்பிகள் இதில் கிடையாது. எனவே ஓசை திரண்டு, தெளிவாக ஒலிக்கும்.

வகைகள்

ஒற்றை டெனர் பிரிட்டிஷ் ராணுவ பேண்டு மரபின் வழி இந்தியாவுக்கு வந்தது. பைப் பேண்டுகளில் மெத்தை முனைக் குச்சிகளைச் சுழற்றி இதை வாசிப்பர். அமெரிக்க அணிநடையில் வளர்ந்த பல்மேள டெனரில் 4 முதல் 6 மேளங்கள் ஒரே சட்டத்தில் பொருத்தப்படும். நான்கு மேளத் தொகுதியில் 10, 12, 13, 14 அங்குல மேளங்கள் பரவலான அளவு. சிறியவை இரண்டும் நடுவிலும் பெரியவை ஓரங்களிலும் அமையும்.

தொடக்கப் பயிற்சி

முதலில் பயிற்சிப் பலகையில் வலது-இடது ஒற்றையடி, வலது-வலது-இடது-இடது இரட்டையடி ஆகியவற்றைப் பழக வேண்டும். அடுத்தது வ-இ-வ-வ, இ-வ-இ-இ என அமையும் பாரடிடில். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்துத் தொடங்கி, இரு கைகளின் ஓசையும் ஒன்றான பிறகே வேகம் கூட்டலாம்.

அடுத்து, நின்ற இடத்தில் இடது காலில் தொடங்கிக் காலடி வைத்தபடி வாசிக்க வேண்டும். வேகநடை நிமிடத்துக்குச் சுமார் 120 காலடி. ஒரு காலடிக்கு அரை நொடி. மிருதங்க, தவில் மாணவர்கள் சொல்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதுபோல், ஒவ்வொரு காலடிக்கும் ஒரு ‘தகதிமி’ சொன்னால் அதற்குள் வரும் நான்கு மேள அடிகளும் சமமாக விழும். கையும் காலும் இசைந்த பின்பே மேளத்தைச் சுமந்து நடப்பது நல்லது.

பல்மேளத்தில் தோலின் நடுவில் அடிக்காமல், வாசிப்பவர் பக்க விளிம்பை ஒட்டி அடிப்பர். இதனால் கை நகரும் தூரம் குறையும். ஒரு கை மற்றதைத் தாண்டி அடிக்கும் குறுக்கடியை இறுதியில் கற்கலாம்.

சேர்வராயன் மலைச் சூழல்

சேலம் மாவட்டத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு சேர்வராயன் மலையில் அமைந்துள்ளது. இம்மலையின் பனிமூட்டத்திலும் மழையிலும் மேளத்தின் விலங்குத் தோல் ஈரம் உறிஞ்சித் தளரும், சுருதி இறங்கும். 1950களின் பிற்பகுதியில் பரவிய பிளாஸ்டிக் தோலுக்கு இக்குறை மிகக் குறைவு. ஆனாலும் முறுக்காணிகள் துருப்பிடிக்கும். வாசித்ததும் மேளத்தைத் துடைத்து உறையிலிட வேண்டும். சரிவில் நடந்தால் அடியின் நீளமும் உடலின் சமநிலையும் மாறும் என்பதால், தொடக்கநிலையினர் சமதளத் திடலில் பழகுவதே ஏற்றது.